முகூர்த்தப் படத்துல குறுக்கே பட்டை விழுது: மண்டப வெளிச்சத்துல கல்யாணப் போட்டோ

கிட்லென்ஸ் | ஜனவரி 6, இரவு 10:12

அடுத்த மாசம் சித்தப்பா பையன் கல்யாணம். ஸ்டுடியோக்காரங்க வர்றாங்க, ஆனா வீட்டு ஆளா நானும் எடுக்கணும்னு உத்தரவு. கையில இருக்கறது 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் (சின்ன ஏபிஎஸ்-சி சென்சார்), கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ், அதைவிட அகலமா திறக்கற 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ். வெளி ஃபிளாஷ் கிடையாது.

அதே மண்டபத்துல ஒரு விசேஷத்துல ஒத்திகை பார்த்தேன். ஷட்டரை 1/500 நொடியில வெச்சு எடுத்ததுல பாதிப் படத்துல குறுக்கே மங்கலா ஒரு பட்டை. சிலதுல அந்தப் பட்டை மஞ்சளாவே இருக்கு. படத்துக்குப் படம் இடம் மாறுது. ஷட்டர் போயிடுச்சா?

இன்னொண்ணு. ஃபிளாஷ் போட்டா படம் செத்துடும், இருக்கற வெளிச்சத்துலயே எடுக்கறதுதான் அழகுன்னு எங்க பார்த்தாலும் சொல்றாங்க. அப்போ ஃபிளாஷுக்குக் காசு போடாம புது பாடியே (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கிடலாமா?

மேடை ஓரம் | ஜனவரி 6, இரவு 11:05

ஷட்டர் நல்லாத்தான் இருக்கு, விளக்குதான் துடிக்குது.

நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு ரெண்டு உச்சம், அதனால மலிவான எல்இடி பல்பும் பழைய சோக் வெச்ச டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஒரு துடிப்பு 10 மில்லிநொடி. 1/500-ங்கறது 2 மில்லிநொடி. துடிப்போட உச்சத்துல விழுந்தா படம் வெளிச்சம், பள்ளத்துல விழுந்தா இருட்டு. ஷட்டர் திரை சென்சாரைக் கடந்து முடிக்கவே 3, 4 மில்லிநொடி ஆகும். அதுக்குள்ள விளக்கு மாறிடறதால ஒரு ஓரம் வெளிச்சமாவும் இன்னொரு ஓரம் மங்கலாவும் வருது. டியூப்லைட்டுல உள்ள பாஸ்பர் பூச்சு எல்லா நிறத்துலயும் ஒரே வேகத்துல அணையாது, அதான் மஞ்சள். கேமராவை நெட்டுக்குத்தாப் பிடிச்சா பட்டையும் நெட்டுக்குத்தா வரும், பாருங்க.

வைத்தியம்: ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல வையுங்க. ஒரு முழுத் துடிப்பு உள்ள வந்துடும், பட்டை போயிடும்.

புது பாடி வேண்டாம். ஏன்னு காலையில எழுதறேன்.

ரெண்டாம் கேமரா | ஜனவரி 7, காலை 6:30

1/100 பொது விளக்குக்குச் சரி. மேடையில தொங்கற கலர் பார் லைட், பின்னாடி வைக்கற எல்இடி திரை இதுக்கெல்லாம் அந்தக் கணக்கு ஓடாது. அதுங்க மங்கலாக்கறதே வேகமா அணைச்சு அணைச்சு எரிய விடறதாலதான். நொடிக்கு சில நூறுலேர்ந்து சில ஆயிரம் தடவை வரை இருக்கும். அங்க 1/100-லயே மெல்லிசா கோடு கோடா வரலாம். ஒரே வழி, மேடைக்கு எதிர்ல நின்னு 1/60, 1/80, 1/100, 1/125-ன்னு ஒவ்வொண்ணா சுட்டு, பெரிசாக்கிப் பார்த்து, கோடு இல்லாததை எடுத்துக்கறது. சடங்கு தொடங்கறதுக்கு முன்னாடியே இந்த வேலையை முடிச்சுடணும்.

மிரர்லெஸ் வெச்சிருக்கறவங்க முகூர்த்தத்துல சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரை மறந்துடுங்க. சென்சாரை மேலேர்ந்து கீழ வாசிக்க 1/15 நொடி எடுக்கற பாடியா இருந்தா ஒரே படத்துல 6, 7 பட்டை வரிசையா நிக்கும். நாதஸ்வரமும் தவிலும் முழங்கற இடத்துல ஷட்டர் சத்தம் யாருக்குக் கேக்கப் போகுது?

எல்இடி திரைக்கு இன்னொரு சேதி: அதுல உள்ள புள்ளி வரிசையும் சென்சார் புள்ளி வரிசையும் மோதி அலையலையா கோலம் வரும். திரை ஃபோகஸ்ல இல்லாம இருந்தா கோலம் கரைஞ்சுடும். மணமக்களைத் திரையிலேர்ந்து 6, 7 அடி முன்னாடி நிறுத்தி எஃப் 2.8-ல எடுங்க.

மேடை ஓரம் | ஜனவரி 7, காலை 8:15

பார் லைட் பத்தி அவர் சொல்றது சரி. துடிப்பைத் தானே கவனிச்சு உச்சத்துல ஷட்டரைத் திறக்கற வசதியும் இருக்கு. 2014-ல கேனன் 7டி மார்க் 2-வோட வந்தது, அப்புறம் நிக்கான், சோனி எல்லாரும் கொடுத்துட்டாங்க. மெனுவுல ஆன்டி-ஃபிளிக்கர், ஃபிளிக்கர் ரிடக்ஷன்னு தேடுங்க. அதுவும் 100, 120 துடிப்புக்குத்தான். போட்டா தொடர் படங்களோட வேகம் கொஞ்சம் குறையும்.

இப்போ பாடி. கிட் லென்ஸ் 55 மிமீ-ல எஃப் 5.6, உங்க 50 மிமீ எஃப் 1.8. ரெண்டுக்கும் வெளிச்சத்துல ஏறக்குறைய 10 மடங்கு வித்தியாசம். 50-ல ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்திறன்) 1600-ல வர்ற படத்துக்கு கிட் லென்ஸ்ல ஐஎஸ்ஓ 16000 வேணும். எந்தப் புது பாடி வாங்கினாலும் இந்தப் பள்ளம் தூராது. அதே காசுல டிடிஎல் (பவரைத் தானே அளந்து அடிக்கறது) உள்ள லித்தியம் பேட்டரி ஃபிளாஷ் ஒண்ணு வாங்கி, 17-50 எஃப் 2.8 லென்ஸ் ஒண்ணை ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தாலும் மிச்சம் நிக்கும்.

எஃப் 1.8 இருக்குன்னு அதுலயே எடுக்காதீங்க. ஏபிஎஸ்-சி-ல 50 மிமீ, 2 மீட்டர் தூரம், எஃப் 1.8: கூர்மையா தெரியற ஆழம் மொத்தமே சுமார் 11 செமீ. பொண்ணு கண்ணு கூர்மையா இருந்தா மாப்பிள்ளை கண்ணு பஞ்சு. எஃப் 2.8-ல 18 செமீ வரும். ரெண்டு முகமும் வேணும்னா எஃப் 4.

மச்சான் ஸ்டாண்ட் | ஜனவரி 7, மதியம் 1:20

ஃபிளாஷ் போட்டா படம் செத்துடும்னு சொல்றவங்க ஃபிளாஷை நேரா மூஞ்சியில அடிச்சிருப்பாங்க. மேல திருப்பி அடிச்சா முடிஞ்சது.

ரெண்டாம் கேமரா | ஜனவரி 7, மதியம் 2:00

மண்டபக் கூரை 18 அடி. மேல அடிச்சா எட்டுமா?

மேடை ஓரம் | ஜனவரி 7, இரவு 9:50

எட்டும். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8-ல வெள்ளைக் கூரையா இருந்தா பெரிய ஃபிளாஷோட கால் பங்கு பவர் தாராளம். பிரச்சினை எட்டறதுல இல்லை, விழற கோணத்துல.

வெளிச்சம் உச்சந்தலையிலேர்ந்து நேரா இறங்குது. முகூர்த்தம் முழுக்கப் பொண்ணு தலை குனிஞ்சே உக்காந்திருக்கும். நெத்தியும் நெத்திச்சுட்டியும் பளபளக்கும், கண் ரெண்டும் குழியில போயிடும். கூரையில ரோஸ் துணி கட்டியிருந்தா மொத்த சபைக்கும் ரோஸ் மூஞ்சி. அதனால தலையை நேர் மேல திருப்பாம, பின்பக்கச் சுவர் அல்லது பக்கச் சுவர் பார்த்து சாய்ச்சு அடிங்க. சுவர் தூரமா இருக்கா? பக்கத்துல வெள்ளை வேட்டி சட்டையில நாலு பெரியவங்க நின்னா அவங்களே நல்ல ரிஃப்ளெக்டர்.

இதைவிட நல்லது ஃபிளாஷைக் கேமராவிலேர்ந்து கழட்டறது. ஒயர் இல்லாம ஃபிளாஷை எரிய வைக்கற டிரிக்கர் ஒண்ணு கேமரா தலையில உள்ள ஷூவுல, ஃபிளாஷ் ஒரு மோனோபாட் (ஒத்தைக் கால் கம்பு) நுனியில, அதை ஒரு ஆள் 7 அடி உயரத்துல 45 டிகிரி பக்கவாட்டுல பிடிக்கணும்.

மச்சான் ஸ்டாண்ட் | ஜனவரி 7, இரவு 10:02

என் பேருக்கு அர்த்தம் இப்பவாவது புரிஞ்சுதா? வாயால சொன்னா நகரும், படி ஏறும், காபி கேக்கும். தாலி கட்டற நேரம் மட்டும் ஃபிளாஷைக் கீழ விட்டுட்டு அட்சதை போடப் போயிடும். தம்பி, வேற வீட்டு ஆளைப் போடுங்க.

கிட்லென்ஸ் | ஜனவரி 8, இரவு 8:40

ஃபிளாஷ் போட்டா ஷட்டர் எவ்வளவு? அப்போ பட்டை வராதா?

மேடை ஓரம் | ஜனவரி 8, இரவு 9:15

1/160 அல்லது 1/200, உங்க பாடியோட சிங்க் வேகத்துக்குள்ள (ஃபிளாஷோட சேர்ந்து ஓடற உச்ச ஷட்டர் வேகம்). ஃபிளாஷ் எரியறது மில்லிநொடியில சின்ன பங்குதான், முகத்துல முக்கால்வாசி வெளிச்சம் அதுலேர்ந்து வந்தா பட்டை முகத்துல தெரியாது. பின்னாடி சுவர்ல லேசா தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது.

நிறம் ஒத்துப்போகறதைப் பாருங்க. மண்டபத்துல மஞ்சள் எல்இடி 3000 கெல்வின்ல எரியும், ஃபிளாஷ் 5500. அப்படியே அடிச்சா முகம் நீலம் பாய்ஞ்சு பின்னணி ஆரஞ்சா நிக்கும். ஆரஞ்சு ஜெல் காகிதத்துல முழு சிடிஓ-ன்னு கேட்டு வாங்கி ஃபிளாஷ் முகத்துல ஒட்டிட்டு, ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாக் காட்டற செட்டிங்) 3200-ல கையால வையுங்க. மண்டபம் முழுக்க வெள்ளை எல்இடியா இருந்தா ஜெல்லே வேண்டாம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மட்டும் கூடாது. பொண்ணு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, ஃபிரேம்ல பட்டுப்புடவை கூடுதலா விழுந்தாலே நிறம் மாறிடும். 40 படத்துக்கு 40 நிறம்.

ரெண்டாம் கேமரா | ஜனவரி 9, காலை 7:10

வீடியோக்காரரை யாரும் சொல்லலை. மேடையில பாதி வெளிச்சம் அவர் விளக்குப் பேனல்லேர்ந்துதான். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தா உங்க படம் இருட்டு. தூரம் இரட்டிப்பானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், அதனால அவர் 5 அடியிலேர்ந்து 10 அடி போனாலே கதை முடிஞ்சுது. முதல் நாள் சாயந்திரமே பேசிடுங்க: ரெண்டு பேனல், மேடைக்கு ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஸ்டாண்ட்ல நிக்கட்டும். ஒயர் மேல அகலமா டேப் ஒட்டச் சொல்லுங்க, ஓடற பிள்ளைங்க தடுக்கி விழும்.

பேசலைன்னா ஆல்பம் முழுக்க அவர் முதுகு.

மேடை ஓரம் | ஜனவரி 9, இரவு 11:30

தாலி கட்டறதுக்கு மட்டும் தனியா எழுதறேன். மத்ததெல்லாம் இன்னொரு தடவை செய்யச் சொல்லலாம், மாலை மாத்தறதைக்கூட. இதைச் சொல்ல முடியாது.

முதல்ல சாஸ்திரிகளையோ வீட்டுப் பெரியவங்களையோ கேளுங்க: பொண்ணு எந்தப் பக்கம் உக்காரும், தாலி எப்படிக் கட்டுவாங்க. வீட்டுக்கு வீடு மாறும். ஐயர் வீடுகள்ல பொண்ணு அப்பா மடியில உக்காந்திருக்கும், மாப்பிள்ளை எதிர்ல நின்னு குனிஞ்சு கட்டுவார். மத்த வீடுகள்ல பெரும்பாலும் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க, மாப்பிள்ளை உடம்பைத் திருப்பிக் கட்டுவார்.

பக்கத்துல உக்காந்து கட்டும்போது பொண்ணு இருக்கற பக்கமா, முன்னாடி சாய்வா நில்லுங்க. அங்கேர்ந்து மாப்பிள்ளை முகம் உங்களைப் பார்த்துத் திரும்பும், பொண்ணு முகமும் மறையாது. மாப்பிள்ளை பக்கம் நின்னா அவர் தோளும் முழங்கையும்தான் படத்துல.

தேங்காய் மேல தாலியை வெச்சுத் தட்டை சபையில சுத்தி எடுத்துட்டு வருவாங்க. தட்டு மேடையை விட்டு இறங்கும்போதே தாலி குளோசப் எடுத்துடுங்க, மஞ்சள் அரிசியும் பூவும் அப்பத்தான் கலையாம இருக்கும். தட்டு திரும்பி வரும்போது நீங்க உங்க இடத்துல வேர் விட்டிருக்கணும். அப்புறம் நகர்ந்தா இடம் போச்சு. சாஸ்திரிகள் கையைத் தூக்கிக் கெட்டிமேளம்னு சொல்றதுக்கு முன்னாடி சில நொடி மாப்பிள்ளை தாலியை ரெண்டு கையிலயும் பிடிச்சிட்டுச் சும்மா இருப்பார். அங்க ஒரு படம். கை கழுத்தைச் சுத்திப் போகும்போது ரெண்டு. முடிச்சு பின்னாடி விழும், முன்னாடி நிக்கறவங்களுக்கு மாலைதான் தெரியும். மாலை ரொம்பப் பருமனா இருந்தா தாலியே அதுக்குள்ள முங்கிடும். கட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் விலக்கி விடச் சொல்லி பொண்ணோட அத்தையையோ அக்காவையோ முன்னாடியே கேட்டு வையுங்க. முதல் முடிச்சு மாப்பிள்ளை, மீதி நாத்தனார் போடற வழக்கம் உள்ள வீடுன்னா நாத்தனார் பொண்ணுக்குப் பின்னாடி நின்னு, சடையை ஒரு கையால தூக்கி, குனிஞ்சு போடுவாங்க. அதுக்கு ரெண்டாவது கேமரா மேடையில பின்பக்க ஓரத்துல இருந்தா உண்டு, இல்லைன்னா விட்டுடுங்க. ரெண்டையும் ஒரே ஆள் பிடிக்க முடியாது.

செட்டிங்: மேனுவல், 1/200, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600-லேர்ந்து 3200, ஃபிளாஷ் மேனுவல்ல 1/8. டிடிஎல் வேண்டாம், மாப்பிள்ளையோட வெள்ளைச் சட்டை ஃபிரேம்ல எவ்வளவு விழுதோ அதுக்கேத்தபடி பவரை மாத்தும். 1/8-ல வெச்சா மூணு நாலு படம் அடுத்தடுத்து எரியும். முழு பவர்ல வெச்சா ஒண்ணு எரிஞ்சுட்டு மூச்சு வாங்கும், நடுவுல உள்ளதெல்லாம் இருட்டு.

ரெண்டாம் கேமரா | ஜனவரி 10, காலை 6:45

அட்சதை விட்டுப் போச்சு. கேமராவுக்கு முன்னாடி பறக்கற அரிசியை ஃபோகஸ் பிடிச்சுக்கும். தொடர் ஃபோகஸ்ல டிராக்கிங் சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு வையுங்க. கேனன்ல கேஸ் 2, நிக்கான்ல லாக்-ஆன் அளவைக் கூட்டணும். முகம் தேடற வசதி பின்னாடி எட்டிப் பார்க்கற மாமா முகத்துக்குத் தாவும், அந்த நிமிஷத்துக்கு ஒற்றைப் புள்ளிக்கு மாத்திடுங்க. புள்ளியைப் பொண்ணு புருவத்துலயோ நெத்திச்சுட்டி ஓரத்துலயோ வையுங்க. எஃப் 4-ல கண்ணும் கூடவே வந்துடும்.

ஃபிளாஷ் கேமரா மேல இருந்தா லென்ஸ் பக்கத்து அரிசி ஒவ்வொண்ணும் வெள்ளை உருண்டையா எரியும். பக்கவாட்டுல இருந்தா பொன் தூவின மாதிரி. மேடை ஓரம் சொன்ன மோனோபாட் இங்கதான் காசு கொடுக்கும்.

கிட்லென்ஸ் | ஜனவரி 10, இரவு 9:00

ஃபிளாஷ் வாங்கியாச்சு. 17-50 வாடகைக்குச் சொல்லியாச்சு. சித்தி ஒரு கேள்வி கேக்கறாங்க: முகூர்த்தப் புடவை அரக்கு சிவப்பு, ரிசப்ஷனுக்கு ராணி பிங்க். போன விசேஷத்துல எடுத்த படத்துல சிவப்புப் புடவை ஜரிகை இல்லாத ரப்பர் ஷீட் மாதிரி இருக்கு. ஏன்?

லேப் வேலை | ஜனவரி 10, இரவு 10:25

இதை நான் சொல்றேன், தினமும் வர்ற கேஸ். சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிஞ்சிருக்கும். கேமரா காட்டற வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) மூணு நிறத்தையும் கலந்து காட்டும், அதுல பார்த்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு வலது சுவர்ல முட்டுதான்னு பாருங்க. முட்டினா 1/3-லேர்ந்து 2/3 ஸ்டாப் குறைங்க (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதி). பிக்சர் ஸ்டைல்ல விவிட் இருந்தா நியூட்ரலுக்கு மாத்துங்க. ரா-வுல (சுருக்காத மூலக் கோப்பு) எடுத்தா கொஞ்சம் மீட்கலாம், ஜேபெக்ல வழிஞ்சது வழிஞ்சதுதான். ராணி பிங்க் இன்னும் மோசம், அதுல நீலமும் சேர்ந்து வழியும். எம்.எஸ். ப்ளூ, மாம்பழ மஞ்சள் எல்லாம் சாதுவானவை.

மேடையில பிங்க், நீலம் பார் லைட் எரிஞ்சா எந்த ஒயிட் பேலன்ஸும் காப்பாத்தாது. ஒரே நிற ஒளியில மத்த நிறத்துக்கான தகவலே இருக்காது. மாங்கல்ய தாரணத்துக்காவது எல்லாத்தையும் வெள்ளைக்கு மாத்தச் சொல்லி லைட் ஆளிடம் முன்கூட்டியே பேசுங்க. இல்லைன்னா அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்துக் கலைன்னு சொல்லிக்க வேண்டியதுதான்.

மேடை ஓரம் | ஜனவரி 11, காலை 9:30

மேக்கப்புக்கும் ஒரு சோதனை உண்டு. சிலிக்கா கலந்த பவுடர் கண்ணுக்குத் தெரியாது, நேர் ஃபிளாஷ்ல மூக்கு ஓரமும் கண்ணுக்குக் கீழயும் மாவு அப்பின மாதிரி வெளுக்கும். மேக்கப் முடிஞ்சதும் நேர் ஃபிளாஷ்ல ஒண்ணு சுட்டு அழகுக்கலைப் பெண்ணிடமே காட்டுங்க. அப்பவே துடைச்சுடலாம்.

முகத்துக்கு எக்ஸ்போஷர்: ஸ்பாட் மீட்டரை (சின்ன இடத்தை மட்டும் அளக்கறது) கன்னத்துல வெச்சா மாநிறத்துக்கு 0, நல்ல கறுத்த நிறத்துக்கு -2/3. 0-லயே வெச்சா கேமரா வெளுத்துக் காட்டும், ஆளே மாறிடுவார்.

லேப் வேலை | ஜனவரி 11, காலை 10:40

வெளுத்துக் காட்டுங்கன்னுதான் வீட்டுல கேக்கறாங்க சார். மாநிறப் பொண்ணை எலுமிச்சை நிறமாக்கி, அம்மா அப்பாவை அப்படியே விட்டா, குடும்பப் படத்துல பொண்ணு தத்து எடுத்த மாதிரி நிக்கும்.

மேடை ஓரம் | ஜனவரி 11, காலை 11:00

கேட்டாலும் செய்யக் கூடாதுன்னுதான் நான் சொல்வேன். தோலை மெழுகாக்கற ஸ்லைடரையும் சேர்த்து. ஹோமத்துல வேர்த்த மினுக்கத்தை டிஷ்யூ தாளால ஒத்தி எடுத்தா போதும், அதுக்கு மேல வேலையே இல்லை. காசு வாங்கறவங்க பாடு வேற, தெரியும்.

மச்சான் ஸ்டாண்ட் | ஜனவரி 11, மாலை 6:15

ஹோமம்னதும் ஞாபகம். புகைக்கு என்ன வழி?

ரெண்டாம் கேமரா | ஜனவரி 11, இரவு 8:20

முன்னாடியிருந்து ஃபிளாஷ் அடிச்சா புகைதான் வெளிச்சமாகும், ஆள் பனிமூட்டத்துல. ஃபிளாஷை அணைங்க, இல்லை பக்கவாட்டுல, கொஞ்சம் பின்னாடியிருந்து அடிங்க. புகை திரியாத் தெரியும், முகம் தெளிவா இருக்கும். எந்தப் பக்கம் காத்தாடி ஓடுதுன்னு பார்த்து அதுக்கு எதிர்ப்பக்கம் நிக்காதீங்க. நெய் ஊத்தின உடனே தீ எழும்பும், அப்போ புகை குறையும், முகத்துலயும் கீழேர்ந்து வெளிச்சம் விழும். நெய்க்கரண்டி குண்டத்துக்கு மேல சாயும்போது அழுத்துங்க. புகையில ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், முன்னாடியே பிடிச்சுப் பூட்டி வெச்சிருங்க.

மேடை ஓரம் | ஜனவரி 12, இரவு 10:10

மத்த சடங்குகளைச் சுருக்கமா.

காசி யாத்திரை வாசல்ல நடக்கும். நீங்க உள்ள நின்னா காலை வெயிலுக்கு எதிரா மாப்பிள்ளை குடையோட நிழலுருவம்தான். அவருக்கு முன்னாடி ஓடித் தெருவுல நின்னு உள் நோக்கி எடுங்க, வெளிச்சம் அவர் முகத்துல விழும்.

ஊஞ்சல் ரெண்டு கோடியிலயும் ஒரு கணம் நிக்கும். அங்கதான் அழுத்தணும், 1/100-கூடப் போதும். நடுவுல வரும்போது எடுத்தா 1/500-ம் போதாது, அதுக்குப் போனா பட்டை.

மாலை மாத்தும்போது மாமன்மார் தோள்ல தூக்கிட்டா தலை 8 அடிக்கு மேல போயிடும். கிட்ட நின்னா தாடையும் மூக்குத் துவாரமும்தான். பின்னாடி போய் நாற்காலி மேல ஏறுங்க.

அம்மி மிதிக்கறது தரையில. எல்லாரும் குனிவாங்க, உங்களுக்கு முதுகு வட்டம் மட்டும் தெரியும். அதுக்கு முன்னாடியே அம்மிக்கு எதிர்ப்பக்கம் உக்காந்துடுங்க, கேமரா தரையிலேர்ந்து ஒரு அடி, 17-50-ஐ 24 மிமீ பக்கம், எஃப் 4. பார்க்க வேண்டியது: அம்மி மேல பொண்ணு பாதம், மருதாணி, மாப்பிள்ளை வலது கை பாதத்தைப் பிடிச்சிருக்கறது, கால் விரல்ல மெட்டி. மெட்டி உள்ள ஏறும்போது பொண்ணு பல்லைக் கடிக்கும் இல்லை சிரிக்கும். பாதம் எடுத்த கையோட கேமராவை நிமிர்த்தி முகத்தையும் எடுங்க.

கிட்லென்ஸ் | ஜனவரி 13, இரவு 9:20

குரூப் போட்டோவுல ஓரத்துல நிக்கற பெரியம்மா எப்பவும் ரெண்டு மடங்கு குண்டா வர்றாங்க. போன தடவை பெரிய சண்டை.

ரெண்டாம் கேமரா | ஜனவரி 13, இரவு 9:45

18 மிமீ-ல கிட்டக்க நின்னு எடுத்திருப்பீங்க. அகல லென்ஸ் ஓரத்தை இழுக்கும். பின்னாடி போங்க, ஏபிஎஸ்-சி-ல 24-க்குக் கீழ இறங்காதீங்க. எஃப் 5.6, 4 மீட்டர் தூரத்துல மூணு வரிசையும் கூர்மையா வந்துடும், எஃப் 11-க்குப் போய் ஃபிளாஷைக் கொல்ல வேண்டாம். ஃபிளாஷ் ஒரு பக்கம் கிட்ட இருந்தா அந்த ஓரம் வெளுத்து மறு ஓரம் இருட்டும். தூரத் தள்ளி, உயரத்துல வையுங்க. வரிசையில ஆள் எத்தனையோ அத்தனை கண் சிமிட்டல், ஒவ்வொரு குரூப்புக்கும் அஞ்சு படம் எடுங்க. பெரியம்மாவை நடுவுல நிறுத்துங்க.

பேர் சொல்லிக் கூப்பிட வீட்டு ஆள் ஒருத்தர் வேணும், பட்டியலோட. பந்திக்கு நேரமாச்சுன்னா பாதிச் சொந்தம் மறைஞ்சுடும்.

மச்சான் ஸ்டாண்ட் | ஜனவரி 13, இரவு 10:00

பந்தியில எடுக்காதீங்க, வாய் நிறைய சோறோட யாரும் நல்லா இருக்க மாட்டாங்க. இலை போட்டு, தண்ணி தெளிச்சு, பரிமாறும்போது எடுங்க. பாயசம் வரும்போது கேமராவை வெச்சுட்டு உக்காருங்க.

லேப் வேலை | ஜனவரி 14, மதியம் 12:30

பொங்கல் வாழ்த்து. ஆல்பத்துக்கு ஒரு வேண்டுகோள். 12க்கு 36 அங்குல விரிப்புன்னா (எதிரெதிர் ரெண்டு பக்கம் சேர்ந்தது) 1-க்கு 3 விகிதம். உங்க கேமரா 2-க்கு 3. ஒரே படத்தை விரிப்பு முழுக்கப் போடணும்னா மேலயும் கீழயும் சேர்ந்து பாதி போயிடும். அந்த மாதிரி நாலஞ்சு படத்துக்காவது தலைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் இடம் விட்டு எடுங்க. நடுவுல மடிப்பு வரும், மணமக்களைச் சரியா மத்தியில நிறுத்தினா யாரோ ஒருத்தர் மூக்கு மடிப்புல. 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10,800-க்கு 3,600 பிக்சல் வேணும். 24 மெகாபிக்சல் அகலத்துல 6,000தான், ஆனா கையில வெச்சுப் பார்க்கற தூரத்துக்கு வித்தியாசம் தெரியாது, தைரியமா அனுப்புங்க. கோப்பு எஸ்ஆர்ஜிபி நிற முறையில வரட்டும். அடோபி ஆர்ஜிபி-ல அனுப்பினா பல மெஷின்ல சிவப்பெல்லாம் செங்கல் நிறமா வருது.

மேடை ஓரம் | ஜனவரி 14, இரவு 9:00

கார்டு: 64 ஜிபி-ல 24 மெகாபிக்சல் ரா ஏறக்குறைய 2,000 படம். ஒரே பெரிய கார்டுக்குப் பதிலா ரெண்டு மூணு வெச்சு, தாலி கட்டறதுக்கு முன்னாடி புதுசு போடுங்க. பாதியில நிரம்பற ஆபத்தும் இல்லை, ஒண்ணு போனாலும் எல்லாம் போகாது. புதுக் கார்டுல போலி நிறைய உலாவுது, வாங்கின அன்னிக்கே கம்ப்யூட்டர்ல முழுக் கொள்ளளவும் எழுதிப் படிச்சுச் சோதிங்க. ஃபார்மேட் கேமராவுலயே. மண்டபத்துல உக்காந்து ஒண்ணொண்ணா அழிக்காதீங்க, அவசரத்துல விரல் தப்பும்.

விடிகாலை 4:30 மணிக்கு மேல முகூர்த்தம்னா இன்னொரு தொல்லை. ஏசி அறையிலேர்ந்து மண்டபத்துக்கு வந்ததும் லென்ஸ் மேல பனி படியும், துடைக்கத் துடைக்க வரும். பை ஜிப்பைத் திறக்காமலே அரை மணி முன்னாடி வெளியில வெச்சிருங்க.

கிட்லென்ஸ் | ஜனவரி 15, காலை 10:15

கடைசி கேள்வி. ஸ்டுடியோக்காரங்க படமும் என் படமும் சேர்த்து வரிசைப்படுத்தணும்னு சொல்றாங்க. பேரெல்லாம் வேற வேற.

ரெண்டாம் கேமரா | ஜனவரி 15, காலை 10:50

கேமரா எல்லாத்தையும் கொண்டு வந்து ஒரே போன்ல ஓடற கடிகாரத்தை நொடி தெரிய ஒவ்வொண்ணுலயும் ஒரு படம் எடுங்க. அப்புறம் லைட்ரூம் மென்பொருள்ல எடிட் கேப்சர் டைம் போய், அந்தப் படத்துல தெரியற நேரத்துக்கு ஒவ்வொரு கேமராவோட மொத்தப் படத்தையும் தள்ளிட்டு, நேர வரிசையில அடுக்கிப் பேர் மாத்திடுங்க. அன்னிக்கு மறந்துட்டா முதல் முடிச்சு விழற படம் ரெண்டு கேமராவுலயும் இருக்கும், அதை வெச்சுப் பொருத்திக்கலாம்.

மேடை ஓரம் | ஜனவரி 15, காலை 11:20

அதோட கேமரா நேர மண்டலம் இந்தியாவுலதானான்னும் பாருங்க. வாடகைக்கு வர்ற பாடியில வேற நாட்டு நேரமா இருந்தா முகூர்த்தம் முந்தின நாள் ராத்திரியில போய் நிக்கும்.